மைதானத்தைச் சுற்றித் தொங்கிய பைகள்

அம்மாவின் வலது பாதத்துக்குள் இறங்கியிருந்த கண்ணாடித் துண்டைத் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா இடுக்கியால் எடுத்து, பீங்கான் தட்டில் போட்டுக் காட்டினார். பியர் போத்தலின் தவிட்டு நிறம். சுண்டுவிரல் நகத்தளவுதான். அவ்வளவு சிறிய துண்டு அம்மாவை ஒன்றரை மாதம் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகவிடாமல் போட்டுவிட்டது. காயம் மேலே ஆறிக்கொண்டு வர, உள்ளே சீழ் வைத்தது. இரண்டு தரம் திறந்து கட்டினார்கள்.

"தேயிலைக்குள்ள போத்தல் எப்படிங்க வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"போன சித்திரையில ஷோ நடந்துச்சுல்ல. வருசா வருசம் இதே கததான்," என்றார் டிஸ்பென்சர் ஐயா. அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மழைக்காலத்து அட்டைக்கடியைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார்.

எங்கள் தோட்டம் இரத்தினபுரி மாவட்டத்தில், கலவானைக்குப் போகும் பாதையிலிருந்து உள்ளே ஒதுங்கி இருந்தது. ஃபெக்டரிக்குக் கீழே ஒரு மைதானம். சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பெரிய சமதரை வேறு கிடையாது. அதனால் டவுனில் இருந்த இளைஞர் சங்கத்தார் சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் தங்கள் மியூசிக்கல் ஷோவை எங்கள் மைதானத்தில்தான் நடத்துவார்கள். கொழும்பிலிருந்து சிங்களப் பாட்டுக் குழுக்கள் லொறியில் ஸ்பீக்கர் பெட்டிகளோடு வந்து இறங்கும். டவுனும் சுற்றியுள்ள கிராமங்களும் திரண்டு வரும்.

மைதானத்துக்குக் கீழே எங்கள் லயங்கள், சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீடுகள், மூன்று வரிசை. நாங்கள் வெளியே போக ஒரே பாதைதான், அது மைதானத்தை ஒட்டிப் போகிறது. ஷோ நாளில் டிக்கட் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது என்று பாதையையும் சேர்த்துத் தகரம் அடித்துவிடுவார்கள். அன்று முழுக்க நாங்கள் லயத்துக்குள்தான். டவுனுக்குப் போன கர்ப்பிணிப் பெண்கள்கூடத் திரும்பி வரும்போது மலையைச் சுற்றி, தேயிலைச் செடிகளுக்குள் நுழைந்துதான் வீடு வர வேண்டும்.

ஷோ முடிந்த மறுநாள் ஒரு டிராக்டர் வரும். முன்னால் பலகை கட்டி, மைதானத்தில் கிடக்கும் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய்க் கிழக்கு ஓரத்து ஓடைக்குள் சரித்துவிடும். போத்தல், ஐஸ்கிரீம் கப், சோறு ஒட்டிய பிளாஸ்டிக் லன்ச் சீட், கிழிந்த செருப்பு, சிகரெட் பெட்டி, எல்லாம். மைதானம் சுத்தமாகிவிடும். அந்த ஓடையிலிருந்துதான் எங்கள் பீலிக்கு, லயத்தார் எல்லாரும் குடம் நிரப்பும் குழாய்க்கு, தண்ணீர் வருகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரம் பீலியில் வாயை வைத்துக் குடிக்க முடியாது. துணியைக் கட்டித்தான் குடம் நிரப்புவோம். மழை பெய்தால் கப்புகள் மிதந்து வந்து பீலிக் குழாயை அடைக்கும். யாராவது கையை விட்டு இழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான். இது பற்றி யாரிடமும் போய்ப் பேச வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சண்டை எங்களிடமிருந்து வெகுதூரத்தில், வடக்கில், நடந்தது. சோதனைச் சாவடி மட்டும் பக்கத்தில் இருந்தது. எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அடையாள அட்டை கிடையாது. எனக்கும் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்பதால் என் விண்ணப்பம் மூன்று தடவை திரும்பி வந்திருந்தது. தோட்டத்து ஒஃபிஸில் கொடுத்த ஒரு கடிதம், அதன் மூலையில் ஒட்டிய என் படம், அதன்மேல் ஒரு சீல். அதுதான் நான். அதை மடித்து மடித்து நடுக்கோடு கிழிந்து, பின்னால் தாள் ஒட்டி வைத்திருந்தேன். அந்தக் கடிதத்தைக் காட்டி டவுன் வரைக்கும் போகலாம். இரத்தினபுரிக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பிள்ளை மடுவத்தில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தில், உதவியாளாக இருந்தேன். டவுன் பள்ளிக்கூடத்தில் சிங்களத்தில் படித்தவள் என்பதால், லயத்தில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டும், யாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அம்மாவின் கால் விஷயம்தான் என்னைக் கிளப்பியது. அடுத்த ஷோவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, லயத்துத் தலைவரிடம் போய், "நாம போயி அவுங்ககிட்ட பேசுவோங்க," என்றேன்.

தலைவர் தயங்கினார். "நம்ம பேச்ச யாரு கேப்பா? இருக்கிற எடத்துல சும்மா இருந்துட்டுப் போவோம் புள்ள."

"கேக்காட்டிப் போகட்டும். கேட்டுப் பாக்கிறதுல என்னாங்க இருக்கு?"

இளைஞர் சங்கத்துச் செயலாளர் டவுன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் சோக்கட்டித் தூள். எங்களைக் கதிரையில் உட்காரச் சொன்னார். நான் ஓடையைப் பற்றி, பீலியைப் பற்றி, அம்மாவின் காலைப் பற்றிச் சிங்களத்தில் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. உண்மையாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. டிராக்டர் குப்பையை எங்கே கொண்டு போகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லையாம்.

"என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய் நங்கி?" என்று கேட்டார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கை.

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வழியில் யோசித்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். மைதானத்தைச் சுற்றிக் கம்பு நட்டுப் பைகளைத் தொங்கவிடலாம். போத்தலுக்குத் தனியாகப் பெட்டி வைத்தால் பழைய போத்தல்காரர் வந்து எடுத்துக்கொள்வார். சோறு விற்பவர்கள் லன்ச் சீட்டுக்குப் பதில் வாழை இலையில் கொடுத்தால் மிச்சத்தைக் குழியில் போட்டு எங்கள் காய்கறிப் பாத்திக்கு உரமாக்கலாம். எதுவும் ஓடைக்குப் போக வேண்டியதில்லை.

"நல்லது. நீயே பொறுப்பெடுத்துச் செய்," என்றார் அவர்.

திரும்பி வரும்போது தலைவர் தலையைக் குனிந்தபடியே நடந்தார். எனக்கு மட்டும் கால் தரையில் படவில்லை.

எட்டுப் பெண்கள் சேர்ந்தோம். அவர்களில் பக்கத்துக் காம்பராவில் இருந்த மதினிதான் எனக்குப் பெரிய துணை. எதற்கும் பயப்படாத வாய் அவளுக்கு. வெறும் உரப் பைகளை ஃபெக்டரியிலிருந்து வாங்கி, பீலிக்குக் கீழே மூன்று தரம் அலசிக் காயவைத்தோம். டவுன் கடைகளில் கேட்டு அட்டைப் பெட்டிகள் சேர்த்தோம். கடலைக்காரர், சோற்றுக் கடைக்காரர் என்று ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினேன். ஐஸ்கிரீம்காரர் மட்டும் கையை விரித்தார். கப்பை விட்டால் அவர் ஐஸ்கிரீமை வேறெதில் கொடுப்பார், பாவம்.

ஷோ நாளன்று விடியற்காலையே போய், மைதானத்தைச் சுற்றி இருபது கம்புகளில் பைகளைக் கட்டினோம். வெள்ளைப் பைகள் காற்றில் உப்பிக்கொண்டு நின்றன. பெட்டிகளை மேடைக்கு இரண்டு பக்கமும், வாசலிலும் வைத்தோம். பொலிஸ் சொன்னதால் அந்த வருடங்களில் ஷோவைப் பகலிலேயே வைத்து இருட்டுவதற்குள் முடித்துவிடுவார்கள். இரண்டு மணிக்குத் தொடக்கம். பதினொரு மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்தது.

சார்ஜன் ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். நாலு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு பையாகப் பார்த்தார். பிறகு மேடையோரத்துப் பெட்டிகளைப் பார்த்தார். கையை உயர்த்தி, கூட வந்த பொலிஸ்காரர்களைப் பின்னால் போகச் சொன்னார். வாசலில் நின்ற சனத்தையும் தள்ளினார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானே முன்னால் போய், "குப்பை போடத்தான் சேர்," என்றேன்.

"யார் தொங்கவிட்டது?"

"நாங்கதான் சேர். நான்தான்."

"உன் பெயர்?"

சொன்னேன். பெயரைக் கேட்டதும் அவர் பார்வை மாறியது. அடையாள அட்டை கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். பின்னால் ஒட்டியிருந்த தாளை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாட்களில் டவுன் பஸ் ஸ்டாண்டில் குப்பைத் தொட்டியே கிடையாது. எடுத்துவிட்டிருந்தார்கள். குண்டு வைக்க வசதியான இடம் என்று. அதை நான் தினம் பார்த்திருக்கிறேன், ஏன் இல்லை என்று யோசித்ததில்லை. ஆயிரக்கணக்கான சிங்களச் சனம் வந்து நிற்கப் போகும் மைதானத்தைச் சுற்றி, ஒரு தமிழ்ப் பெண், அடையாள அட்டை இல்லாதவள், விடியற்காலையில் உள்ளே இருப்பது வெளியே தெரியாத இருபது பைகளையும் பெட்டிகளையும் வைத்திருக்கிறாள். வேறு யாருமல்ல, நான்.

"யாருடைய அனுமதி?" என்று சார்ஜன் கேட்டார்.

"செக்கிரட்டரி சேர் சொல்லித்தான்."

செயலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் மேடைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார். சார்ஜன் அவரிடம், "இந்தப் பைகளை வைக்கச் சொன்னது நீங்களா?" என்று கேட்டார்.

செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் திரண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பாட்டுக் குழுவின் லொறியைப் பார்த்தார். "சுத்தம் செய்யச் சொன்னேன். பை, பெட்டி பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது," என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. இருபது பை என்று நான் எண்ணிக்கை சொல்லியிருக்கவில்லைதான்.

என்னைக் கொழுந்து மடுவத்துக்குக் கொண்டு போனார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகை அது, மைதானத்தின் மேல் ஓரத்தில் இருந்தது. இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கூரை வரை கம்பி வலை. நிறுவைத் தராசு கொக்கி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கதவை வெளியே தாழ் போட்டு ஒரு பொலிஸ்காரனை நிறுத்தினார்கள்.

சார்ஜன் மறுபடி மறுபடி அதே கேள்விகளைக் கேட்டார். சொந்தக்காரர் யாராவது வடக்கில் இருக்கிறார்களா? வவுனியாவுக்குப் போயிருக்கிறாயா? யார் யோசனை கொடுத்தது? இரத்தினபுரிக்கே போக முடியாத எனக்கு வவுனியா எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. "குப்பைக்கு யாராவது யோசனை கொடுக்கணுமா சேர்?" என்றேன். அதைச் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வாயை அடக்கிக்கொண்டேன்.

பைகளை ஒவ்வொன்றாக நீண்ட கழியால் இறக்கி உதறினார்கள். எல்லாம் வெறும் பை. பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ஃபெக்டரிக்குப் பின்னால் எறிந்துவிட்டு வாசலைத் திறந்தார்கள். என்னை மட்டும் வெளியே விடவில்லை. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார் சார்ஜன்.

ஷோ தொடங்கியது. கம்பி வலைக்குள்ளிருந்து எனக்கு முழு மைதானமும் தெரிந்தது. சனம் ஆடியது. பாட்டின் அதிர்வில் தராசுக் கொக்கி மெல்ல ஆடியது. ஒருவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுக் கப்பைத் தோளுக்கு மேலே எறிவது தெரிந்தது. இன்னொருவர் போத்தலைத் தேயிலைக்குள் வீசினார். நான் ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு எதையும் யோசித்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. மூத்திரம் முட்டியது. வாசலில் நின்றவனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு நின்றேன். தமிழில் வெட்கம், சிங்களத்தில் பயம். கடைசியில் ஃபெக்டரியில் வேலை செய்யும் ஒரு சிங்கள அக்கா அந்தப் பக்கமாக வந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் பொலிஸ்காரனோடு சண்டை பிடித்து என்னைக் கூட்டிப் போய்க் கொண்டுவந்து விட்டாள். திரும்ப உள்ளே வைத்துத் தாழ் போட்டார்கள்.

நாலு மணி போல அம்மா வந்தாள். தகர வேலி பாதையை மறித்ததால், இன்னும் சரியாக ஊன்ற முடியாத காலோடு மலையைச் சுற்றி வந்திருக்கிறாள். கூட மதினியும் மற்றப் பெண்களும். கொழுந்து மடுவத்துக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தார்கள். பொலிஸ்காரன் போகச் சொன்னான்.

"நாங்க எங்கங்க போறது? எங்க புள்ள உள்ள இருக்கு," என்றாள் மதினி.

சார்ஜன் வந்தார். அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. எழுந்து நின்று, "மகே துவ, மாத்தயா," என்றாள். என் மகள், ஐயா என்று. பிறகு கையால் மைதானத்தைக் காட்டி, "குணு விதரய். குணு விதரய்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வெறும் குப்பைதான், வெறும் குப்பைதான். அதற்கு மேல் அவளிடம் சொல் இல்லை. காலைத் தூக்கிப் பாதத்தின் தழும்பைக் காட்டினாள்.

சார்ஜன் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்து என் எதிரே கொழுந்துப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் காது எனக்குக் கேட்காது," என்றார், இடப்பக்கத்தைத் தொட்டு. "கொழும்பில் டியூட்டி. ஒரு குப்பைத் தொட்டி. நான் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றேன். இந்தப் பக்கம் நின்றவர்கள் இன்று உயிரோடு இல்லை."

"தெரியாது சேர்," என்றேன்.

"உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். பதினொன்றரைக்கே தெரியும். ஆனால் நான் விட்டு, பிறகு ஏதாவது நடந்தால்?"

இருட்டுவதற்குள் ஷோ முடிந்தது. கடைசி பஸ்ஸும் போன பிறகுதான் தாழைத் திறந்தார்கள். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னால் ஒட்டிய தாள் கழன்றிருந்தது.

மறுநாள் டிராக்டர் வழக்கம் போல வந்து, வழக்கம் போல ஓடையில் தள்ளியது. நான் பார்க்கப் போகவில்லை. வீட்டுக்குள் இருந்தபடியே போத்தல்கள் உருளும் சத்தத்தைக் கேட்டேன்.

அதற்குப் பிந்திய மாதங்கள்தான் கொழுந்து மடுவத்தைவிட மோசமாக இருந்தன. லயத்தில் சிலர் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். "இவளாலதான் பொலிஸ் லயத்துக்கு வந்து பேரு எழுதிக்கிட்டுப் போச்சு," என்று பீலியில் ஒருத்தி என் காதில் விழவே சொன்னாள். சொன்னதில் பிழையில்லை, வந்து எழுதிக்கொண்டுதான் போனார்கள். தோட்டத்து ஒஃபிஸில் இனி இப்படியான வேலைகளில் தலையிட வேண்டாம் என்றார்கள். டவுனுக்குப் போவதை நிறுத்தினேன். பிள்ளை மடுவம், வீடு, பிள்ளை மடுவம். நடுவில் நூற்றைம்பது அடிப் பாதை. ஒரு வருடம் அவ்வளவுதான் என் உலகம்.

அடுத்த பங்குனியில் செயலாளர் பிள்ளை மடுவத்துக்கே வந்தார். தொட்டில்களுக்கு நடுவில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார்.

"நங்கி, அன்றைக்கு நான்..." என்று தொடங்கி நிறுத்தினார். அழுத குழந்தையொன்றை நான் தூக்கிக்கொண்டேன். அவர் மறுபடி தொடங்கினார். "என் பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன். ஷோவை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். இந்த முறை சரியாகச் செய்வோம்."

"வேற யாரையாவது பாருங்க சேர்," என்றேன்.

"வேறு யாருக்கும் அக்கறை இல்லை."

"எனக்கும் இல்லீங்க."

அவர் போய்விட்டார். ஆனால் அன்று சாயந்தரம் பீலியில் குடம் நிரப்பும்போது குழாய்க்குள்ளிருந்து ஐஸ்கிரீம் கப் ஒன்று வந்து விழுந்தது. பதினொரு மாதம் ஓடையில் கிடந்தும் அதன் விளிம்பு மடங்கக்கூட இல்லை. எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக டவுனுக்குப் போனேன்.

கடைத்தெருவில் எங்கள் ஆள் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவரிடம் பருப்பு வாங்க நின்றபோது, கடைக்குப் பின்னால் சிவப்பு வலைப் பைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தேன். பெரிய வெங்காயம் வரும் பைகள். உள்ளே கிடந்த இரண்டு அழுகல் வெங்காயம் வெளியிலிருந்தே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னா தங்கச்சி, பருப்பு வேணாமா?" என்றார் முதலாளி.

"இந்தப் பையெல்லாம் என்னாங்க செய்வீங்க?"

"ஆத்துல போடுவேன். வேற என்ன செய்ய?"

"எனக்குக் குடுங்க."

அவர் நாற்பது பைகளைக் கட்டிக் கொடுத்தார். அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு செயலாளரின் வீட்டுக்குப் போனேன். "நான் வாறேன் சேர். ஆனா நீங்க முதல்ல என்னோட பொலிஸுக்கு வரணும். கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடணும். எங்க எல்லார் பேரும் அதுல இருக்கணும்."

மறுநாள் போனோம். பொலிஸ் நிலைய வாசலில் நான் நின்றுவிட்டேன். செயலாளர் பார்த்தார், பார்க்காதது போல முன்னால் நடந்தார். சார்ஜன் வலைப் பையைக் கையில் வாங்கினார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். தன் தொப்பியைக் கழற்றி உள்ளே போட்டு, தூரத்தில் தொங்கவிடச் சொல்லிப் பார்த்தார். தொப்பியின் பட்டன்கூடத் தெரிந்தது.

"பெட்டி கூடாது," என்றார்.

"பெட்டி இல்லை சேர். வலை மட்டும்தான்."

"பையைக் கட்டுவதற்கு முன்னால் நான் வந்து நிற்பேன். என் முன்னால்தான் கட்ட வேண்டும்."

"சரிங்க சேர்."

சொன்னபடியே விடிந்ததும் வந்து நின்றார். நாங்கள் ஒவ்வொரு வலையாகக் கட்ட, அவர் கையை விட்டுத் துழாவிவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்தார். போத்தலோடு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி வாங்கி வைத்தார்கள். சோற்றுக் கடைகளுக்குப் பக்கத்தில் ஆழமில்லாத குழிகள் வெட்டியிருந்தோம். அறிவிப்பாளரிடம் சிங்களத்தில் நாலு வரியும், அதற்குக் கீழே தமிழ் ஒரு வரியைச் சிங்கள எழுத்திலும் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை மைக்கில் வாசித்தார். "குப்பெய்ய வலெய்ல பொடுங்கொ!" தகர வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் லயத்துச் சனம் சிரித்த சிரிப்பு மேடை வரை கேட்டது. அந்த மேடையில் தமிழ் ஒலித்தது அதுவே முதல் தடவை.

எல்லாரும் வலையில் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் போட்டார்கள். மீதியை நாங்கள் பொறுக்கினோம். குடித்துவிட்டு வந்த ஒருவன் மதினியின் காலடியில் வேண்டுமென்றே கப்பைப் போட்டான். அவள் எடுத்து அவன் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நடந்தாள். மறுநாள் டிராக்டர் வந்தபோது தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. பழைய போத்தல்காரர் தன் கைவண்டியோடு மூன்று நடை வந்தார். வலைகளில் சேர்ந்த கப்புகளைத்தான் யாரும் வாங்கவில்லை. அவற்றைச் சாக்கில் கட்டி, இளைஞர் சங்கத்தாரின் லொறியிலேயே ஏற்றி அனுப்பினோம். பீலியில் அந்த வருடம் துணி கட்டாமல் தண்ணீர் பிடித்தோம்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்தடுத்த வருடங்களில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்து ஷோ, விகாரை வளவில் நடந்த ஷோ, எல்லாவற்றுக்கும் எங்களைத் தேடி வந்தார்கள். "அந்தத் தோட்டத்து நங்கிமாரைக் கூப்பிடுங்கள், அவர்களுக்குத் தெரியும்." முதலில் பெருமையாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், யாரும் எங்களிடம் கற்றுக்கொள்ள வரவில்லை. எங்களையே செய்யச் சொல்லத்தான் வந்தார்கள். டவுனில் என்னைக் காணும் பிள்ளைகள் "குணு அக்கா", அதாவது குப்பை அக்கா, என்றார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவர்களுக்கு என் பெயர் அதுதான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷோ ஒன்றும் இல்லாத நாளில், ஒரு டிராக்டர் எங்கள் பாதையில் இறங்கியது. பெட்டி நிறைய டவுன் சந்தையின் குப்பை. நேரே ஓடைப் பக்கம் திரும்பியது. நாங்கள் ஓடிப் போய்ப் பாதையில் நின்றோம். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் டவுன் பிரதேச சபையிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார்.

"தோட்டத்தில் பேசி அனுமதி வாங்கியாகிவிட்டது," என்றார்.

"இது நாங்க குடிக்கிற தண்ணி சேர்."

"குப்பையைப் பிரிக்க உங்களுக்குத்தான் தெரியுமே. அதனால்தான் இந்த இடத்தைத் தெரிவு செய்தோம்." அவர் கேலியாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார்.

மதினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இவரு என்னாடி சொல்றாரு?" என்றாள். நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. எங்களுக்குக் குப்பை பிரிக்கத் தெரியும் என்று ஊருக்குக் காட்டியவள் நான்தானே.

அன்று மூன்று மணி வரைக்கும் பாதையை விட்டு நகரவில்லை. தோட்டத்து மேலாளரான பெரிய துரை வந்தார். தலைவர் வந்தார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஓடைப் பக்கம் கூடாது. மேற்கு மேட்டில், கைவிட்ட தேயிலைக் காட்டில் மட்டும் கொட்டலாம். போத்தல், பிளாஸ்டிக், ஆஸ்பத்திரிக் குப்பை எதுவும் வரக் கூடாது, சந்தையின் இலைதழை மட்டும். அதை மக்கவிட்டுத் தோட்டத்துக்கு உரமாக எடுப்பார்கள். ஒவ்வொரு லோடையும் கொட்டுவதற்கு முன்னால் ஒருவர் பார்க்க வேண்டும். யார் பார்ப்பது என்று கேட்டபோது எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வாரமே ஓடைக்குள் சரியும் என்று எனக்குத் தெரியும்.

அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், பிள்ளை மடுவத்துக்குப் போகும் முன், மேட்டில் ஏறி நிற்பேன். டிரைவர் பெட்டியை மெல்லச் சாய்ப்பார். நான் கம்பால் கிளறிப் பார்ப்பேன். பிளாஸ்டிக் கண்டால், "திரும்ப ஏத்துங்க," என்பேன். சில நாள் முணுமுணுப்பார், சில நாள் பேசாமல் ஏற்றுவார். சண்டை முடிந்த வருடம் வரை அந்த வேலையை நான்தான் செய்தேன். உரமாக எடுத்தது போக மிஞ்சியதே சேர்ந்து சேர்ந்து, அதற்கடுத்த மழைக்காலத்தில் மேடு நிறைந்துவிட்டது. ஒரு காலை டிரைவர் பெட்டியைச் சாய்க்காமல் இறங்கி வந்து, எங்கே கொட்டட்டும் என்று கேட்டார். கீழே ஓடை தெரிந்தது. "கொண்டு போங்க," என்றேன். எங்கே என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் பீடியொன்றைப் பற்றவைத்துக்கொண்டு டிராக்டரின் நிழலில் குந்தினார். நான் ஓடைக்கு இறங்கும் பாதையின் குறுக்கே அப்படியே நின்றேன்.